முதல் நாவலுக்கு வயது கேட்காதீர்கள்

முதல் நாவல் போட்டிகளையும் புதிய எழுத்தாளர் பரிசுகளையும் நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா போன வருடம் காலமானார். 73 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு எழுத உட்கார்ந்து, இரண்டு நாவல்களை அச்சில் பார்த்துவிட்டுப் போனவர். மூன்றாவது நாவல் நோட்டுப் புத்தகங்களாக என்னிடம் இருக்கிறது. அது முடிந்த நாவலா, பாதி நாவலா என்றுகூட என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது, உறவுக்காரர்களுக்கு எழுதுவதைவிட உங்களுக்கு எழுதுவதுதான் சரி என்று பட்டது. உறவுக்காரர்களுக்கு அம்மாவைத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று. அதோடு, உங்கள் விதிமுறைகளில் இருக்கும் ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. "போட்டியாளர் 35 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும்" என்ற வரி. சிலர் 35 என்கிறீர்கள், சிலர் 40 என்கிறீர்கள்.

அந்த வரி எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சலோடு வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு அப்போது 62. "புதிய எழுத்தாளர்களின் முதல் நாவலுக்குப் பரிசு" என்று நாளிதழில் வந்த அறிவிப்பைக் கத்தரித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அறிவிப்பில் வயதைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்று பிரதிகள் கேட்டிருந்தார்கள். 312 பக்கங்களை மூன்று முறை அச்செடுத்து, ஓரங்களை மேசையில் தட்டிச் சேர்த்து, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டினார். பிறந்த தேதி, கல்வித் தகுதி, முகவரி எல்லாம் எழுதிய படிவத்தை ஓர் உறையில் போட்டுக் கட்டுக்கு மேல் செருகினார். நானும் அவரோடு தபால் நிலையத்துக்குப் போனேன். எடை போடுபவர் "என்னம்மா இவ்வளவு கனம்?" என்று கேட்டதற்கு, "மூணு வருஷம்" என்று சொன்னார். அவர் அப்படிப் பேசிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

மூன்று வாரத்தில் கட்டு திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். விதி இன்னது, வயது வரம்பு 35, எனவே தங்கள் படைப்பைப் பரிசீலிக்க இயலவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அம்மா அந்தக் கடிதத்தை ஒரு முறை படித்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு கட்டைத் தன் பக்கம் திருப்பி, சணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வந்து பாரு" என்றார். "இது என் முடிச்சு."

வேலை பார்த்த காலம் முழுவதும் வழக்குக் கட்டுகளை அவர் கட்டிய முடிச்சு அது. இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை உள்ளே விட்டு இழுப்பார். வேறு யாருக்கும் அது சரியாக வராது. அவர் கட்டி அனுப்பியபடியே, அதே முடிச்சோடு, பழுப்புத் தாளில் ஒரு மடிப்புக்கூடக் குலையாமல் வந்திருந்தது. மேலே இருந்த உறையைப் பிரித்திருக்கிறார்கள், பிறந்த தேதியைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாவல் நன்றாக இல்லை என்று திருப்பியிருந்தால் அம்மா தாங்கியிருப்பார். அவர் நினைத்து நினைத்து வருந்தியது அந்தப் பிரிக்காத முடிச்சைத்தான். சற்று நேரம் கழித்து அவரே அதை அவிழ்த்தார். சணலை விரலில் சுற்றி, இழுப்பறையில் வைத்தார். அந்தச் சணல் உருண்டை இப்போது என் மேசையில் இருக்கிறது.

அந்த அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் தங்கள் விதிப்படிதான் நடந்தார்கள். என் வழக்கு விதியோடு.

அம்மா 35 ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவர். நிமிடத்துக்கு 120 சொல் வேகம். வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் நீதிபதி சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, சாயங்காலம் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அவர் கற்றது ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறையின் வழி வந்தது. அதில் மெய்யெழுத்துகள் எல்லாம் கோடுகள். மெல்லிய கோடு ஓர் ஒலி. அதே கோட்டை அழுத்திப் போட்டால் வேறோர் ஒலி. உயிரெழுத்துகளுக்குப் புள்ளியும் சின்னக் கீற்றும். கை வேகம் பிடித்த பிறகு அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், நேரம் இருக்காது. கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் உட்காருகிறதா, வரியை வெட்டிக்கொண்டு இறங்குகிறதா என்பதை வைத்து முதல் உயிரைக் கண்டுகொள்வார்கள். மற்றவற்றை ஞாபகத்திலிருந்துதான் நிரப்ப வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, "எப்படிம்மா இதைப் படிக்கிற?" என்று கேட்டதற்கு, "மெய்யை எழுதிட்டா போதும்டி, உயிர் நம்ம கிட்ட இருக்கும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, தொழில்நுட்பமாகத்தான் சொன்னார்.

ஓய்வு பெற்றபோது எல்லோரும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற அதே நேரத்துக்கு, மேலே சுருள்கம்பி போட்ட சுருக்கெழுத்து நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுமே, அந்த நோட்டு. பென்சில் நான்கு சீவி வரிசையாக வைத்துக்கொண்டார். ஒன்று மழுங்கினால் அடுத்தது. அது 35 வருடப் பழக்கம், நடுவில் நிறுத்திச் சீவ நீதிமன்றத்தில் நேரம் ஏது? ஒரு மணி வரை எழுதினார். மறுநாளும் உட்கார்ந்தார். அவர் எழுதுவது நாவல் என்று எங்களுக்குத் தெரியவே எட்டு மாதம் ஆயிற்று. எங்களால் அதைப் படிக்க முடியாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது என்று பிறகு ஒரு முறை சொன்னார்.

அந்த முதல் நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவிடுங்கள். உங்களில் ஒருவரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பேசாமல் நின்றால், பதிவில் "பதில் இல்லை" என்று எழுதுவார்கள். இரண்டு சொல். அவர் பேசாமல் நின்றது அரை நிமிடமா, ஐந்து நிமிடமா, அந்த நேரத்தில் கையை எங்கே வைத்திருந்தார், யாரைப் பார்த்தார், எதுவும் பதிவில் இருக்காது. அம்மா ஆயிரக்கணக்கான முறை "பதில் இல்லை" என்று எழுதியவர். அவர் நாவலில் ஒரு பெண் கூண்டில் ஏறுகிறாள். முதல் பக்கத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். 312-ஆம் பக்கத்தில் அவள் வாயைத் திறக்கிறாள். நாவல் முழுக்க நான்கு நிமிடத்துக்குள் நடக்கிறது. அந்த நான்கு நிமிடத்தில் அவளுடைய முப்பது வருடம் வந்துபோகிறது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று நாவலில் கிடையாது. கேள்வி கேட்டவரின் முகம் மாறுகிறது, ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்தர் பென்சிலை எடுக்கிறார், நாவல் முடிகிறது.

இதை 30 வயதில் எழுதியிருக்கலாமே என்று பலர் அம்மாவிடம் கேட்டதுண்டு. நானும் கேட்டேன். இரண்டு பிள்ளைகள், ஏழு வருடம் படுக்கையில் கிடந்த அப்பா, காலையில் நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய வேலை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவையும் உண்மைதான். 25-இலிருந்து 55 வரை ஒரு பெண்ணின் நேரம் யார் யாருக்கெல்லாம் பங்கு போகிறது என்று நீங்களும் உங்கள் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அந்த முப்பது வருடத்துக்குள் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் நீ புதியவள் இல்லை என்று சொல்லும் விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக எழுதப்பட்டது போலத் தோன்றினாலும், இருவர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

ஆனால் அம்மா சொன்ன காரணம் வேறு. "அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நான் கேட்டதெல்லாம் என்னோடது இல்ல. அங்க வந்தவங்க யாரும் என்னை நம்பிச் சொல்லல, சட்டத்தை நம்பிச் சொன்னாங்க. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கதை பண்ணக் கூடாது." ஓய்வுக்குப் பிறகும் அவர் ஒரு வழக்கைக்கூட எழுதவில்லை. தன் நாவலில் வருகிற பெண் எந்த வழக்கிலும் வந்தவள் இல்லை என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டது அந்த மௌனத்தை மட்டும்தான். பதிவில் ஏறாதது அது ஒன்றுதானே. அந்த நாவல் தள்ளிப்போட்ட நாவல் இல்லை. 58 வயதுக்கு முன்னால் அதை எழுதத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்த ஒருவரின் நாவல். நாற்காலியை விட்டு எழுந்த பிறகுதான் எழுத முடிகிற புத்தகங்கள் உண்டு. செவிலியரிடம், ஆசிரியரிடம், ரயில் ஓட்டியவரிடம், சிறையில் காவல் பார்த்தவரிடம் அப்படி எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. இளைஞர்கள் கையில் பணம் இல்லாத வயதில், பெயர் இல்லாத வயதில் எழுதுகிறார்கள். அவர்களைத் தூக்கிவிட ஒரு கை வேண்டும். வேண்டியதுதான். 'கிராண்டா' இதழ் 1983-இலிருந்து பத்து ஆண்டுக்கு ஒரு முறை 40 வயதுக்கு உட்பட்ட பிரிட்டிஷ் நாவலாசிரியர்களின் பட்டியலை வெளியிடுகிறது. தலைப்பிலேயே 'இளம்' என்று சொல்லிவிடுகிறது. டிலன் தாமஸ் பெயரிலான பரிசு 39 வயது வரை உள்ளவர்களுக்கு. அந்தக் கவிஞர் 1953-இல் 39 வயதில் இறந்துபோனார். இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. இளையவர் என்று சொல்லிவிட்டு இளையவருக்குக் கொடுப்பது நேர்மை. புதியவர் என்று கூப்பிட்டுவிட்டு, வாசலில் வந்து நிற்பவரிடம் இளையவர்தானா என்று கேட்பதுதான் எனக்கு வலிக்கிறது. இரண்டும் ஒரே சொல் இல்லை. எழுதுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜப்பானில் அகுதாகவா பரிசு 1935-இலிருந்து கொடுக்கப்படுகிறது. வளர்ந்துவரும் புதிய எழுத்தாளர்களுக்கான பரிசு அது. 2004-இல் அதை வாங்கிய ரிசா வட்டாயாவுக்கு 19 வயது. 2013-இல் அதே பரிசை வாங்கிய நட்சுகோ குரோடாவுக்கு 75. ஒரே பரிசு, ஒரே மாதிரியான நடுவர் குழு, நடுவில் 56 வருடம் இடைவெளி. இருவருமே புதியவர்கள். குரோடா அன்றைக்கு, உயிரோடு இருக்கும்போதே என்னைக் கண்டெடுத்ததற்கு நன்றி என்று சொன்னார். அந்தச் செய்தியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா பெயர் என்ன சொன்ன?" என்று கேட்டு, நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

ஒரு பதிப்பாளர் இன்னொரு காரணம் சொன்னார். போட்டியிலிருந்து கட்டு திரும்பி வந்த பிறகு அம்மா போய்ப் பார்த்தவர்களில் அவர் ஒருவர். நாவலைப் படித்திருந்தார், பிடித்தும் இருந்தது. "ஆனா நாங்க ஒரு புத்தகத்தைப் போடறதில்லைம்மா, ஒரு எழுத்தாளரைப் போடறோம். அடுத்து அடுத்துன்னு வரணும் இல்லையா?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொன்னார். வயது வரம்பு வைத்திருக்கும் உங்களில் பலர் மனதிலும் இந்தக் கணக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் கணக்கே பார்ப்போம்.

பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டு வெகு காலம் ஆசிரியையாக வேலை பார்த்தவர். குடும்பத்தோடு தேம்ஸ் ஆற்றில் படகு வீட்டில் இருந்து, அந்தப் படகும் மூழ்கிப்போன வாழ்க்கை. முதல் நாவல் 1977-இல் வந்தபோது அவருக்கு 60 வயது. இரண்டே வருடத்தில், 1979-இல், மூன்றாவது நாவலுக்குப் புக்கர் பரிசு. 1995 வரை மொத்தம் ஒன்பது நாவல்கள். கடைசி நாவலைத்தான் அவருடைய ஆகச் சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். அது வந்தபோது அவருக்கு 78. மேரி வெஸ்லி பெரியவர்களுக்கான முதல் நாவலை 1983-இல் வெளியிட்டார், 70 வயது கடந்து. அதன் பிறகு 1997-க்குள் இன்னும் ஒன்பது எழுதினார். ஹார்ப்பர் லீ 34 வயதில், 1960-இல், முதல் நாவலை வெளியிட்டார். அடுத்த நாவல் அச்சில் வந்தது 55 வருடம் கழித்து, அதுவும் முதல் நாவலுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது. ஒருவருக்கு இன்னும் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதைப் பிறந்த தேதியிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கழித்துப் பார்த்தாலும், ஒரே ஒரு புத்தகம்தான் வரும் என்றாலும், அதனால் என்ன? இத்தாலியில் லம்பெதூசா வாழ்நாளின் கடைசி வருடங்களில் ஒரே ஒரு நாவல் எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1957-இல் இறந்துபோனார். அடுத்த வருடம் 'சிறுத்தை' வெளிவந்தது, அதற்கடுத்த வருடம் அந்த நாட்டின் பெரிய பரிசான ஸ்ட்ரேகா அதற்குக் கிடைத்தது. இன்றைக்கு இத்தாலிய இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பேச முடிவதில்லை. ஒரு புத்தகம் போதுமானதாக இருந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அம்மா பார்த்தார், அந்த வகையில் நான் நன்றியோடு இருக்கிறேன். 64 வயதில் ஒரு சின்னப் பதிப்பகம் நாவலை 500 பிரதிகள் போட்டது. முதல் பிரதி வந்த அன்று அம்மா அதைத் திறந்து படிக்கவில்லை. முதுகுப் பக்கத்தைத் திருப்பி, தையலைப் பார்த்தார். பிறகு அட்டையில் தன் பெயரை விரலால் ஒரு முறை தடவினார். முப்பத்தைந்து வருடம் தட்டச்சு செய்த ஒரு பக்கத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. கீழே ஓரத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம் மட்டும் இருக்கும்.

பிறகு நாலைந்து மதிப்புரைகள் வந்தன. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தலைப்பில் வயது இருந்தது. "64 வயதில் நாவலாசிரியர்", "பேனா பிடித்த பாட்டி". எழுதியவர்கள் அன்போடுதான் எழுதினார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் நான்கு நிமிடத்தை 312 பக்கமாக விரித்த ஒருவரைப் பற்றி, இந்த வயதில் எப்படி உட்கார்ந்து எழுதினார் என்று வியந்துவிட்டு, எப்படி எழுதினார் என்று பார்க்காமல் போய்விட்டார்கள். வயதைக் காட்டி உள்ளே விடாததும் வயதைக் காட்டிக் கைதட்டுவதும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இல்லை. இரண்டிலும் கட்டைப் பிரிக்கவில்லை. அந்த ஒரு மதிப்புரை மட்டும் வயதைச் சொல்லவே இல்லை. நாவலின் நடுப்பகுதியில் கூண்டுப் பெண்ணின் தம்பி வரும் இடங்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்று குறை சொல்லியிருந்தது. அம்மா அந்த மதிப்புரையைத்தான் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

அதனால்தான் மூத்தவர்களுக்குத் தனிப் பரிசு வையுங்கள் என்று நான் கேட்கத் தயங்குகிறேன். அப்படி நல்ல பரிசுகள் இருக்கின்றன. பிரிட்டனில் மெக்கிட்டரிக் பரிசு 1990-இலிருந்து 40 வயது கடந்தவர்களின் முதல் நாவலுக்குக் கொடுக்கப்படுகிறது. 60 வயது கடந்தவர்களின் முதல் நாவலுக்கென்று பால் டோர்டே நினைவுப் பரிசு இருக்கிறது. டோர்டேயும் அறுபதை ஒட்டித்தான் முதல் நாவலை வெளியிட்டவர். அந்தப் பரிசுகளால் வெளிச்சத்துக்கு வந்தவர்களை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. வேறு கதவு இல்லாத இடத்தில் அதுவாவது இருக்கட்டும். ஆனால் அம்மாவைக் கேட்டிருந்தால், 25 வயதுப் பையன் எழுதிய நாவலோடு ஒரே மேசையில் வைத்துப் படித்துத் தோற்கவும் தயார் என்று சொல்லியிருப்பார். அவர் எதிர்பார்த்தது சலுகை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் நாவல் என்றால் அது முதல் நாவலா என்று மட்டும் பாருங்கள். படிவத்தில் பிறந்த தேதி வேண்டுமென்றால் பரிசு முடிவான பிறகு கேட்டு வாங்குங்கள். நடுவர் கைக்குப் போகும் பிரதியில் பெயரும் வேண்டாம், வயதும் வேண்டாம். இளையவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் தலைப்பிலேயே 'இளம்' என்று போட்டுவிடுங்கள், யாரும் கட்டைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போகமாட்டார்கள். இதற்குப் பெரிய பணமோ கூடுதல் ஆளோ வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது நாவல் அம்மாவின் 68-ஆவது வயதில் வந்தது. ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் மாலை வகுப்புக்கு வரும் ஆறு பேரின் கதை. எனக்கு முதல் நாவலைவிட அதுதான் பிடிக்கும். நடுவில் கொஞ்சம் தொய்வு இருக்கிறது என்று அம்மாவிடமே சொன்னேன். "அந்த வகுப்புல தொய்வு இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மூன்றாவதுதான் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஒன்பது நோட்டுகள். எல்லாம் சுருக்கெழுத்தில். முதல் இரண்டு நாவல்களையும் அவரே பெயர்த்துத் தட்டச்சு செய்தார். இதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடைசி நோட்டில் பாதிக்கு மேல் வெறும் தாள். கதை முடிந்ததால் நின்றதா, கை நின்றதால் நின்றதா, படித்தால்தான் தெரியும். சுருக்கெழுத்து தெரிந்த இரண்டு பேரிடம் காட்டினேன். இருவரும் அங்கங்கே படித்துவிட்டு, இது அவரவர் கை, பழகியவர்களுக்குத்தான் பிடிபடும் என்றார்கள். முப்பத்தைந்து வருடத்தில் அவர் தனக்கென்று எத்தனையோ குறுக்கங்கள் செய்து வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஒரு பெண் உண்டு. அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்தர். 1866 அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கி சொல்லச் சொல்ல எழுதி, 26 நாளில் 'சூதாடி' நாவலை முடித்துக் கொடுத்தவர். மறுவருடம் அவரையே மணந்துகொண்டார். அந்த வருடம் அன்னா தனக்காகச் சுருக்கெழுத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அதில் அவர் பெயர்க்காமல் விட்ட பகுதிகளை வேறொருவர் பிரித்துப் படிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவர் கையெழுத்தோடு பழகிப் பழகித்தான் படித்திருக்கிறார்கள். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கணவரைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்த நாட்குறிப்பில்தான் வந்து நிற்பார்.

எனக்கு 46 வயது. ஆறு மாதமாகச் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு வருகிறேன். அம்மாவின் பழைய பாடப் புத்தகம், அவர் பெயர்த்த முதல் நாவலின் நோட்டுகள், பக்கத்தில் அச்சான நாவல், மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறுக்கத்தையும் தனித் தாளில் எழுதிச் சேர்க்கிறேன். வாரத்துக்கு ஒரு பக்கம் நகர்கிறது. முதல் நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு பெண் ரயிலில் போகிறாள், ஜன்னலோரம் நிற்கிறாள். அந்தப் பக்கத்தின் கடைசி வரி, "ம-ல மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள்." மலையா, மாலையா? இரண்டுக்கும் ஒரே கோடுகள்தான். இரண்டுக்கும் முதல் உயிர் ஒரே இடத்தில் வருவதால், கோடு நிற்கும் உயரத்தை வைத்தும் சொல்ல முடியாது. புள்ளி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மா வைக்கவில்லை. போன வாரம் "மலை" என்று பென்சிலால் எழுதினேன். நேற்று அதை அழித்துவிட்டு "மாலை" என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாவலாசிரியரின் மகள்